ஒரு செடியிலிருந்து ஒரு தோட்டம்: தோட்ட ஆர்வத்தின் பிறப்பும் தமிழ்ச் சொற்களும்



மனிதன் ஏன் உழத் தொடங்கினான் என்று கேட்டால், பசி என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். அவன் ஏன் தோட்டம் போடத் தொடங்கினான் என்னும் கேள்விக்கு அத்துணை எளிதாக விடை கிடைப்பதில்லை. வயல் ஊருக்கே சோறிடுகிறது. வீட்டின் பின்புறத்தில் நான்கு முழ நிலத்தில் ஒருவர் அவரைக் கொடியும் மல்லிகையும் வளர்ப்பதால் எவர் பசியும் தீர்ந்துவிடுவதில்லை. கடையில் கிடைக்கும் கீரையையே தம் கையால் வளர்த்துப் பறிக்க வேண்டும் என்னும் விருப்பம் எங்கிருந்து வருகிறது? அது முதன்முதலில் ஒருவர் உள்ளத்தில் எவ்வாறு பிறக்கிறது?

உளவியலாரும் மானிடவியலாரும் இக்கேள்விக்குத் தத்தம் துறைவழி விடை தேடுவர். மொழியியல் பயின்றவனாகிய நான் சொற்களின் வழியாகவே அணுக வல்லேன். தமிழ்ச் சொற்களையும் அவை இந்நாட்டு மண்ணில் அடைந்த மாற்றங்களையும் நிரல்படுத்திப் பார்க்குமிடத்து, ஒரு கருத்துத் தெளிவாகத் தோன்றுகிறது. தோட்ட ஆர்வம் நிலத்திலிருந்து பிறப்பதில்லை. ஒரு செடியிலிருந்து பிறக்கிறது. ஏதேனும் ஒரு செடி பயிர் என்னும் நிலையிலிருந்து நீங்கி, வீட்டாருள் ஒருவராக மாறும் கணமே தோட்டத்தின் தொடக்கம். ஏனைய செடிகள் அதன்பின் வந்து சேர்கின்றன. இக்கருத்தை நிறுவுவதே இவ்வுரையின் நோக்கம்.

தோட்டம் என்னும் சொல்

தமிழில் தோட்டம், மலையாளத்தில் தோட்டம், கன்னடத்திலும் துளுவிலும் தெலுங்கிலும் தோட்ட என வழங்கும் இச்சொல், திராவிட மொழிகள் பலவற்றுக்குப் பொதுவானது. எனவே இதன் பழமை குறித்து ஐயமில்லை. ஆயினும் பொருள் இடத்துக்கு இடம் வேறுபடும். கொங்கு நாட்டில் கிணற்றுநீர் பாயும் விளைநிலம் தோட்டம் எனப்படும். மழையை நம்பிய புன்செய் நிலத்தை அங்குக் காடு என்பர். கொல்லை என்னும் சொல் சங்க இலக்கியத்தில் முல்லைநிலத்துப் புன்செயைக் குறிக்க, பிற்காலத்துத் தஞ்சை வட்டார வழக்கில் வீட்டின் பின்புறத்தைக் குறிக்கிறது. வீட்டை அடுத்த தோட்டத்துக்குப் பழந்தமிழில் படப்பை என்றொரு தனிச்சொல் இருந்தது. கா, பொழில், சோலை, தண்டலை எனச் செறிந்த மரக்கூட்டத்துக்குப் பல சொற்கள் உள்ளன.

இத்தனை சொற்கள் இருப்பதைக் கொண்டு, தமிழர் தொன்றுதொட்டே தோட்டக்கலையில் ஈடுபாடு உடையவர் என்று முடிவு கட்டிவிடுதல் எளிது. அம்முடிவு முற்றும் சரியன்று. நிலத்துக்குப் பெயர் இருப்பதும், செடிகளை அறிந்திருப்பதும், செடி வளர்க்கும் ஆர்வமும் வெவ்வேறானவை. இவ்வேறுபாட்டைச் சங்க இலக்கியமே நமக்குக் காட்டித் தருகிறது.

தொண்ணூற்றொன்பது பூவும் ஒரு புன்னையும்

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் அடுக்கி உரைக்கப்பட்டிருப்பதை மாணவர்கள் அறிவர். ஆரிய அரசன் ஒருவனுக்குத் தமிழ் அறிவிக்கும்பொருட்டு இப்பாட்டு இயற்றப்பட்டது என்னும் குறிப்பும் வழங்குகிறது. தாவரப் பெயர் அறிவுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆயினும் அப்பூக்களுள் ஒன்றேனும் வளர்க்கப்பட்டதாகப் பாட்டில் இல்லை. தினைப்புனம் காக்கச் சென்ற மகளிர் மலைச்சாரலில் தாமாகப் பூத்தவற்றைப் பறித்துப் பாறையில் குவிக்கின்றனர். அங்கே அறிவு நிறைந்திருக்கிறது, வளர்ப்பு இல்லை.

இதற்கு மறுதலையாக நற்றிணையின் 172ஆம் பாடலைக் காண்போம். பாடியவர் பெயர் தெரியாத நெய்தல் திணைப் பாடல் அது. அதில் வருவது ஒரே ஒரு மரம். சிறுமியர் தோழியரோடு விளையாடும்போது புன்னை விதையொன்றை மணலில் அழுத்தி மறைக்கின்றனர், பிறகு மறந்துவிடுகின்றனர். மறந்த விதை முளைக்கிறது. முளைத்ததைக் கண்டவர்கள் நெய் கலந்த பாலை ஊற்றி வளர்க்கின்றனர். அப்புன்னை உங்களினும் சிறந்தவள், உங்கள் தங்கை ஆவாள் என்று தாய் கூறுகிறாள். ஆதலால், தங்கையின் முன்னிலையில் நின்னோடு நகையாடி மகிழ நாணுகிறோம் என்று தோழி தலைவனிடம் கூறுகிறாள்.

இப்பாடலை உரையாசிரியர்கள் அகப்பொருள் நோக்கில், வரைவு கடாதல் என்னும் துறைக்கு ஏற்ப விளக்குவர். நம் கேள்விக்கும் இது விடை தருகிறது. விதையைப் புதைத்தபோது அச்சிறுமியர்க்குத் தோட்டம் போடும் எண்ணம் இல்லை. விதையை மறைத்தது விளையாட்டு. அது முளைத்தது வியப்பு. பால் ஊற்றியது அன்பு. அன்பினால் வந்தது உறவு. உறவினால் வந்தது நாணம். தற்செயலாக முளைத்த ஒன்று பொறுப்பாக மாறும் வரலாறு இது. பயன் கருதிய செயலாயின் பால் ஊற்ற வேண்டியதில்லை, நீரே போதும். 99 பூக்களின் பட்டியலில் காணாத தோட்டத்தை இந்த ஒற்றைப் புன்னையில் காண்கிறோம்.

கன்றும் பிள்ளையும்

புன்னையைத் தங்கை என்றது புலவரின் கற்பனை மட்டும் என்று கருதுவோர்க்கு அன்றாட வழக்கையே சான்றாகக் காட்டலாம். இளஞ்செடிகளுக்குத் தமிழில் ஒரே பெயர் இல்லை. நெல்லின் இளமை நாற்று எனப்படும். மாவும் புளியும் வாழையும் கன்று எனப்படும். தென்னை பிள்ளை எனப்படும். விளா குட்டி எனப்படும். பனை வடலி எனப்படும். தேவநேயப் பாவாணர் இத்தகைய சொற்களைத் தொகுத்துத் தமிழின் சொல்வளத்துக்குச் சான்றாகக் காட்டினார்.

இவற்றுள் நாற்று கூட்டமாக வளர்ந்து கூட்டமாக நடப்படுவது. கன்று, பிள்ளை, குட்டி என்பன ஒவ்வொன்றாக எண்ணப்படுவன. வீட்டிலும் தொழுவத்திலும் பிறந்து வளரும் உயிர்களின் பெயர்களையே அவை பெற்றுள்ளன. தாய்வாழையின் அடியில் முளைப்பதைப் பக்கக் கன்று என்கிறோம். கொடி பற்றிப் படரும் கழியைக் கொழுகொம்பு என்கிறோம். துணையின்றித் தவிப்பவரைக் கொழுகொம்பற்ற கொடி என்கிறோம். வயலுக்குரிய சொற்களில் அளவும் விளைச்சலும் மிகுதியாகப் பேசப்படும். வீட்டுச் செடிக்குரிய சொற்களிலோ பிறப்பும் வளர்ப்பும் துணையும் பேசப்படுகின்றன. ஒவ்வொன்றாக எண்ணிப் பெயரிட்டு வளர்ப்பதே தோட்டக்காரரின் மனநிலை. மொழி அதனை என்றோ பதிவுசெய்துவிட்டது.

நந்தவனம்

பக்தி இயக்கக் காலத்தில் இந்த ஆர்வம் புதியதொரு நிலைக்களனைப் பெற்றது. பெரியாழ்வார் வில்லிபுத்தூரிலும் தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்திலும் நந்தவனம் அமைத்துத் திருமாலுக்கு மாலை தொடுத்தனர் என்பது வைணவ மரபு. துளசிச் செடியின் அருகில் ஆண்டாள் குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்டதாக மரபு கூறுவதும் கருதத்தக்கது. செடியைப் பிள்ளை என்ற மொழியில், பிள்ளையே செடியருகில் தோன்றுகிறாள். சோழர் காலக் கல்வெட்டுகளில் திருநந்தவனம் வளர்ப்பதற்கென நிலம் விடப்பட்ட செய்திகள் பல உள்ளன. அங்ஙனம் விடப்பட்ட நிலம் நந்தவனப்புறம் எனப்பட்டது.

நந்தவனம் பெரும்பரப்பாக வளர்ந்திருக்கலாம். அதன் வித்து, இந்த இறைவனுக்கு இந்தப் பூ என்னும் ஒற்றை உறவே. சிவனுக்குக் கொன்றை, திருமாலுக்குத் துளசி, முருகனுக்குக் கடம்பு என ஒரு பெயருடன் ஒரு செடி பிணைக்கப்பட்டவுடன், அச்செடியைத் தேடிச் செல்வதினும் அருகில் வளர்ப்பதே முறை என்னும் எண்ணம் எழுகிறது. பறித்தல் வளர்த்தலாக மாறுவது இங்ஙனமே. இன்றும் நம் அடுக்குமாடி வீடுகளின் வாயிலில் ஒரு துளசித் தொட்டி மட்டும் இருக்கக் காண்கிறோம். வேறு எந்தச் செடியிலும் நாட்டமில்லாதவர்கூட அதற்கு நாள்தோறும் நீர் வார்க்கிறார்.

கடல் கடந்த செடிகள்

செடிகள் ஒரே மண்ணில் நிலைத்திருப்பவை அல்ல. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நிலத்துக்குக் கொண்டுவந்தனர் என்று ஔவையார் புறநானூற்றில் போற்றுகிறார். ஒரு செடியைக் கொண்டுவந்தவரை நினைவில் வைத்துப் போற்றும் வழக்கம் அத்துணைப் பழமையானது. பிற்காலத்தில் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள் ஐரோப்பியர் வழியாக வந்தபோது, தமிழர் சிலவற்றுக்குப் பழகிய பெயர்களையே சற்று மாற்றி வழங்கினர். மிளகைப் போல உறைத்த காய் மிளகாய் ஆயிற்று. மரம்போல் நிமிர்ந்து வளர்ந்த கிழங்குச் செடி மரவள்ளி ஆயிற்று. அன்னாசி போன்றவை தம் பெயரோடே வந்து குடியேறின. பெயர் பெற்றதும் அவை அயலார் அல்லாதனவாயின. மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையலை இன்று எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை.

தமிழிலிருந்து மலாய்க்குச் சென்ற பெயர்களும் உண்டு. மலாய் மொழியில் மாவைக் குறிக்கும் மங்கா, மெம்பெலம் ஆகிய இரு சொற்களும் மாங்காய், மாம்பழம் என்பவற்றோடு தொடர்புடையன. தமிழில் பழுக்காததும் பழுத்ததும் எனப் பொருள் வேறுபட்டவை, மலாயில் அவ்வேறுபாட்டை இழந்து நின்றன. முருங்கையை மலாய்க்காரர் மெருங்கை என வழங்குகின்றனர். இவை அரசர் ஆணையாலோ அறிஞர் நூலாலோ பரவிய சொற்கள் அல்ல. வேலிக்கு இப்புறமும் அப்புறமும் நின்று இரு வீட்டார் செடியையும் காயையும் பேசிப் பரிமாறிக்கொள்ளும்போது பரவக்கூடியவை இத்தகைய சொற்கள்.

தோட்டத்துக்குள் ஒரு தோட்டம்

இனி இந்நாட்டு வரலாற்றுக்கு வருவோம். சிங்கப்பூரில் 1859இல் தாவரவியல் பூங்கா நிறுவப்பட்டது. சிங்கப்பூர்த் தமிழர் இதனைப் பூமலை என்று அழகுறப் பெயரிட்டு வழங்குகின்றனர். பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூ பூங்காவில் முளைத்த ரப்பர்க் கன்றுகளுள் 22 கன்றுகள் 1877இல் பூமலைக்கு வந்தன. 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் வெட்டு முறையை வகுத்தார். ரப்பரைப் பயிரிடுமாறு கண்டவரிடமெல்லாம் ஓயாது வற்புறுத்தியதால் அவரைப் பித்தர் என்று எள்ளினர். மோட்டார் வண்டிகள் பெருகியதும் எள்ளியவர்களே ரப்பர் பயிரிட முந்தினர். ஒரு பூங்காவில் ஒருவர் ஒரு மரத்தின்மீது கொண்ட பற்று, ஒரு தீபகற்பத்தின் நிலத்தோற்றத்தையே மாற்றிவிட்டது.

அம்மாற்றத்தின் சுமையைத் தாங்கியவர் பெரும்பாலும் தமிழர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுற்றபின்னும், கங்காணி முறையின் வழியாக அவர்கள் தொடர்ந்து வந்தனர். அவர்கள் வாயில் தோட்டம் என்னும் சொல் புதுப்பொருள் பெற்றது. மலாயாவில் தோட்டம் என்றால் ஆயிரக்கணக்கான ஏக்கர்ப் பரப்பு. துரையும் கிராணியும் கங்காணியும் ஆளும் இடம். லயத்து வீடுகள் வரிசையாக நிற்கும் குடியிருப்பு. பொழுது புலருமுன் பெரட்டு; அதன்பின் நிரை பிடித்துப் பல நூறு மரங்களில் பால்வெட்டு; மங்கில் வடியும் பாலைச் சேர்த்தெடுத்து நிறுவையிடத்துக்குக் கொண்டுசெல்லல். மலாய் மொழியின் கெத்தா கித்தா ஆகவும், மங்கோக் மங்கு ஆகவும் தமிழ் ஒலியேற்றன.

உலகில் வேறெவரும் இத்துணை மரங்களோடு இத்துணை நெருக்கமாக வாழ்ந்திருத்தல் அரிது. ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் விரலால் தொட்டு அறிந்தவர்கள் அவர்கள். ஆயினும் ரப்பர்த் தோட்டம் அவர்களுக்கு நாம் பேசும் பொருளில் தோட்டம் ஆகவில்லை. வெளிக்காட்டு வேலை என்றே களையெடுப்பைக் குறித்தனர். தோட்டம் என்று பெயரிட்ட இடத்தின் உள்ளேயே காடு என்னும் சொல் தங்கிவிட்டது. வரிசையில் நின்ற அம்மரங்களை எண்ணிக் கணக்கிடலாம். தங்கை என்று அழைக்க இயலாது.

அவர்களுடைய உண்மையான தோட்டம் லயத்தின் பின்புறத்தில் இருந்தது. பால்வெட்டு காலையோடு முடியும் தொழில். ஆதலால் பிற்பகலில் சிறிது ஓய்வு வாய்த்தது. அந்த ஓய்வில் நடப்பட்டவை முருங்கையும் கறிவேப்பிலையும். ஊரில் உண்ட குழம்பின் மணம் இவ்விரண்டும் இன்றி வாராது. பிறகு வெண்டை, கத்தரி, அவரைப் பந்தல், கீரைப் பாத்தி, வாழை ஆகியன சேர்ந்தன. கூலி உயர்த்தித் தரும் உரிமை தொழிலாளியிடம் இல்லை. குடியிருந்த வீடும் அவருடையதன்று. முருங்கை மட்டும் அவர் நட்டது. இன்னார் வீட்டு முருங்கை என்று லயத்தில் பெயர் பெற்றதும் அதுவே. பிறருடைய ஆயிரம் மரங்களுக்கு நடுவில் தம்முடைய ஒரு மரம் என்னும் உணர்வே இந்நாட்டுத் தமிழரின் தோட்ட ஆர்வத்துக்கு வேர் என்பேன்.

சப்பானியர் ஆட்சிக் காலமாகிய 1942 முதல் 1945 வரை அரிசி அரிதாயிற்று. கிடைத்த இடத்திலெல்லாம் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நடப்பட்டன. பசியின் வற்புறுத்தலால் பல்லாயிரவர் மண்வெட்டி எடுத்த காலம் அது. அந்நாள்களைக் கடந்துவந்த முதியோர் பலர் பிற்காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தொடவும் விரும்பாததை நம் குடும்பங்களில் கேட்டிருக்கிறோம். கட்டாயம் பயிரிடும் திறனைக் கற்றுத் தந்தது, விருப்பத்தைத் தரவில்லை. லயத்து முருங்கைக்கும் போர்க்கால மரவள்ளிக்கும் உள்ள இவ்வேறுபாடு நம் கருத்தை வலியுறுத்துகிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தொழிலாளரே நிலத்தை வாங்கும் நோக்குடன் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டமாகும். நம் தோட்டம் என்று உரிமைப்பொருளில் சொல்லும் வாய்ப்பு அப்போதுதான் அச்சொல்லுக்குக் கிட்டியது. ஆயினும் பிந்தைய பத்தாண்டுகளில் நிலங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியதால், பல குடும்பங்கள் லயத்தை விட்டு நகர அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. முருங்கை மரத்தைப் பெயர்த்து எடுத்துச் செல்ல முடியாது. அதன் கொம்பு ஒன்றை வெட்டிச் சென்று நட்டால் துளிர்க்கும். அவ்வாறு வந்து துளிர்த்த மரங்களும், நடுவதற்கு மண்ணின்றிக் காய்ந்த கொம்புகளும் ஆகிய இரண்டும் நம் வரலாற்றில் அடங்கும்.

நிழலும் தொட்டியும்

சிங்கப்பூரில் 1963 சூன் 16ஆம் நாள் பிரதமர் லீ குவான் யூ ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். 1967இல் பூந்தோட்ட நகரம் என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. இன்று நாம் நடக்கும் சாலைகளின் நிழல் அத்திட்டத்தின் பயன். நிழலில் நடத்தல் வேறு. செடி வளர்த்தல் வேறு. மரங்கள் சூழ்ந்த நகரில் வாழ்ந்தும், தம் கையால் ஒரு விதையை ஊன்றாதவர் பலர். இதனை உணர்ந்தே போலும், 2005இல் குடியிருப்பு வட்டாரச் சமூகத் தோட்டங்களை ஊக்குவிக்கும் இயக்கம் தொடங்கப்பட்டது. 2020இல் நோய்ப்பரவலால் மக்கள் வீட்டிலேயே இருக்க நேர்ந்தபோது, காய்கறி விதைப் பொட்டலங்கள் இல்லங்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டன. நகரம் முழுவதற்கும் மரம் நட்ட ஓர் அரசு, ஒரு வீட்டுக்கு ஒரு விதை என்னும் அளவுக்கு இறங்கி வந்தது. நற்றிணைச் சிறுமியர் தொடங்கிய இடமும் அதுவே.

வகுப்பறைக்கு ஒரு பரிந்துரை

ஆசிரியர்கள் இங்கு மிகுதியாக இருப்பதால் ஒன்று கூறி அமைவேன். பாத்தி, பதியம், நாற்று, கொழுகொம்பு, பந்தல், எரு, களை, துளிர், கொழுந்து ஆகிய சொற்களை நம் மாணவர் பாடநூலில் படிக்கின்றனர். தேர்வில் பொருளும் எழுதுகின்றனர். ஆண்டு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். அவர்களுடைய வீட்டில் எல்லாவற்றுக்கும் செடி என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருக்கிறது. இதனை நினைவாற்றல் குறைவு என்று சொல்ல இயலாது. வினை நிகழாத இடத்தில் வினைக்குரிய சொல் தங்குவதில்லை. பதியம் போட்டவர்க்குப் பதியம் என்னும் சொல் மறப்பதில்லை. பந்தலுக்குக் கயிறு கட்டிய பிள்ளைக்குக் கொழுகொம்பை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே வகுப்பில் தோட்டம் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வதற்கு முன்னர், ஒவ்வொரு மாணவரிடமும் மூன்று வினாக்களைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். உன் வீட்டிலோ பாட்டி வீட்டிலோ உள்ள ஒரு செடியின் பெயர் என்ன? அதனை நட்டவர் யார்? அது எங்கிருந்து வந்தது? விடை தேடும்போது பெரியோரிடம் பேச நேரும். லயத்திலிருந்து கொம்பாக வந்த முருங்கையும், அண்டை வீட்டு மலாய்ப் பெண்மணி தந்த பாண்டான் செடியும், கோயிலிலிருந்து வந்த துளசியும் அவ்விடைகளில் இடம்பெறக்கூடும். செடி இல்லாத வீட்டு மாணவர்க்குச் சமையலறையில் உள்ள வெந்தயத்தில் ஒரு கைப்பிடியும், துளையிட்ட ஒரு சிறு தொட்டியும் போதும். ஊன்றிய சில நாள்களில் அது முளைவிடும். அப்போது முளை, வித்திலை, தண்டு, கொழுந்து எனச் சொல்லிக் கொடுங்கள். அம்மாணவர் அச்செடிக்கு ஒரு பெயரிட விரும்பினால், தடுக்காதீர்கள்.